டி2 டை பிளாக் வயர் கட்டில் பாதியிலேயே பிளந்துவிட்டது: ஹார்டனஸ் சரியாக இருந்தும் ஏன்?

டூல்ரூம்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பிளாங்கிங் டைக்காக (தகட்டிலிருந்து துண்டு வெட்டியெடுக்கும் அச்சு) டி2 பிளாக் ஒன்று, 150க்கு 120, தடிமன் 60 மில்லி. டி2 என்பது கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள டூல் ஸ்டீல். ஹார்டனிங்குக்கு வெளியே கொடுத்து வாங்கினோம். வரைபடத்தில் 60–62 எச்ஆர்சி (ராக்வெல் சி அளவில் ஹார்டனஸ், அதாவது கடினம்) என்று மட்டும் இருந்தது. திரும்பி வந்ததும் நான்கு மூலையிலும் நடுவிலும் குத்திப் பார்த்தோம், எங்கே பார்த்தாலும் 61க்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு முகமும் கிரைண்ட் செய்து வயர் கட்டில் (மெல்லிய கம்பியின் மின்பொறியால் வெட்டும் மெஷின்) ஏற்றினோம். உள்ளே 80க்கு 50 அளவில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். முக்கால்வாசி சுற்றி வந்தபோது டப்பென்று ஒரு சத்தம், வயர் அறுந்தது, எடுத்துப் பார்த்தால் ஜன்னல் மூலையிலிருந்து வெளி ஓரம் வரை பிளந்து கிடக்கிறது.

ஹார்டனிங் செய்தவர் "கேட்ட ஹார்டனஸ் வந்துவிட்டது, கோளாறு வயர் கட்டில்தான்" என்கிறார். வயர் கட் போட்டவர் "பிளாக் உள்ளுக்குள்ளேயே வெடிக்கத் தயாராக இருந்தது" என்கிறார். எனக்கு யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று இல்லை, அடுத்த பிளாக் உடையக் கூடாது, அவ்வளவுதான். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

உலைக்கூடம் எழுதியது:

தம்பி, முதலில் உடைந்த முகத்தைத் துடைக்காதீர்கள், அப்படியே படம் எடுத்து வையுங்கள். உடைந்த முகத்தின் நிறம் நிறையச் சொல்லும். கருப்பாகச் செதில் படிந்திருந்தால் விரிசல் உலையில் சூடேறுவதற்கு முன்பே இருந்தது என்று அர்த்தம், பாரிலோ ஃபோர்ஜிங்கிலோ வந்தது. வைக்கோல் மஞ்சளோ நீலமோ தெரிந்தால் குவென்ச்சில் (சூடான எஃகை வேகமாகக் குளிர்விப்பது) விழுந்த விரிசல், டெம்பரிங் (கடினமான எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கித் தளர்த்துவது) உலைக்குள் திறந்தபடியே போய் நிறம் வாங்கியிருக்கிறது. வெள்ளி போலப் பளிச்சென்று இருந்தால் டெம்பரிங்குக்கு அப்புறம் உடைந்தது.

அடுத்து அவர்களிடம் கேட்க வேண்டியவை. ப்ரீஹீட் (முன்கூட்டியே படிப்படியாகச் சூடேற்றுவது) எத்தனை கட்டம்? எந்தச் சூட்டில் ஊற வைத்தார்கள், அந்தச் சூட்டை உலைச் சுவரில் இருந்த தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) சொன்னதா அல்லது ஜாபோடு (வேலைத் துண்டு) ஒட்டி வைத்தது சொன்னதா? குளிர்ந்த பிளாக் எத்தனை நேரம் கழித்து டெம்பரிங்குக்குப் போனது? டெம்பரிங் எத்தனை முறை, என்ன சூடு? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லத் தயங்குவார்கள், விடாதீர்கள்.

டூல்ரூம்தம்பி எழுதியது:

நன்றி அண்ணா. முகம் முழுக்கப் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் வயர் கட் தண்ணீர் பட்ட லேசான துருக்கறை. அவர்கள் சொன்னது: ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றி 1020 டிகிரி, வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிட்டார்கள், அப்புறம் 200 டிகிரியில் ஒரே ஒரு டெம்பரிங். ஆறியதும் உடனே உலைக்குப் போனதா என்று கேட்டால் "டெம்பரிங் உலை காலியானதும் போட்டோம்" என்று பதில். வயர் நுழைய ஒரு துளை மட்டும் ஹார்டனிங்குக்கு முன்பே போட்டிருந்தோம், மற்றபடி ஜன்னல் இடம் முழுக்கத் திடமாகத்தான் இருந்தது.

உலைக்கூடம் எழுதியது:

அதுதான். ஒரே டெம்பரிங், அதுவும் 200. அதோடு உலை காலியாகும் வரை காத்திருப்பு வேறு. டி2 ஐம்பது அறுபது டிகிரிக்கு இறங்கி, கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே டெம்பரிங் உலைக்குள் போய்விட வேண்டும். ராத்திரி முழுக்க மேசையில் குளிரக் கிடந்து காலையில் பார்த்தால் தானாகவே விரிசல் விட்டிருக்கும் ஜாப்களை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

நிறைய இடங்களில் டெம்பரிங் என்றால் ஹார்டனஸை இரண்டு புள்ளி இறக்குகிற வேலை என்று நினைக்கிறார்கள். குவென்ச் முடிந்து மீட்டரில் 62 காட்டினால் "வேண்டியது வந்துவிட்டதே, எதற்கு இன்னும் சுட வேண்டும்" என்று பேருக்கு ஒரு சூடு காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டெம்பரிங் இல்லாத ஜாப் பாதி செய்த ஜாப்தான், எண் என்ன காட்டினாலும் சரி.

வயர்கட்கை எழுதியது:

நான் வயர் கட் பக்கம் இருக்கிறவன், அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். மெஷின் பிளாக்கைத் தள்ளுவதும் இல்லை, இழுப்பதும் இல்லை, வயர் ஜாபைத் தொடுவதுகூட இல்லை, இடைவெளியில் தீப்பொறி மட்டும்தான். உடைக்கும் விசை பிளாக்குக்கு உள்ளே இருந்துதான் வர வேண்டும். இழுத்துக் கட்டிய கயிற்றுக் கட்டிலில் நடுவே ஒரு கயிற்றை அறுத்தால் சட்டமே கோணிக்கொள்வது போலத்தான் இதுவும். உள்ளே இழுவையும் அமுக்கமும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு சமமாக நிற்கின்றன, நடுவிலிருந்து பெரிய துண்டு ஒன்றைப் பிரித்தெடுத்தால் அந்தச் சமன் போய்விடுகிறது. கொஞ்சம் ஸ்ட்ரெஸ் இருந்தால் வெட்டிய பள்ளம் மூடி வயரைக் கடிக்கும், நிறைய இருந்தால் உங்கள் பிளாக் மாதிரி.

ஆனால் வயர் கட்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வெட்டிய பரப்பில் உருகி மறுபடி உறைந்த மெல்லிய வெள்ளை அடுக்கு ஒன்று இருக்கும், டெம்பராகாத மார்டென்சைட்டும் (வேகமாகக் குளிர்ந்த எஃகின் கடினமான அமைப்பு) நுண்விரிசல்களும் அதில்தான். வேகமாக வெட்டினால் அது தடிமனாகும். கூர்மையான உள்மூலையில் இந்த அடுக்கு உட்கார்ந்தால் பிளவு அங்கிருந்துதான் கிளம்பும், உங்களுக்கும் மூலையில்தானே கிளம்பியிருக்கிறது. ஜன்னல் மூலைக்கு எவ்வளவு ரேடியஸ் போட்டிருந்தீர்கள்?

அடுத்த முறை ஹார்டனிங்குக்கு அனுப்பும் முன்பே ஜன்னலின் நடுப்பகுதியை மில்லிங்கில் எடுத்துவிடுங்கள், சுற்றிலும் மூன்று நான்கு மில்லி மட்டும் விட்டால் போதும். அப்போது அந்த ஸ்ட்ரெஸ் உலையிலேயே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும், எனக்கும் ஓரம் சீவுகிற வேலைதான் மிஞ்சும்.

நுண்ணோக்கி எழுதியது:

நான் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன், உடைந்த துண்டுகள்தான் தினசரி வேலை. உலைக்கூடம் அண்ணா சொன்ன நிறச் சோதனை நல்ல சோதனை, ஆனால் இந்த ஜாபில் அதை வைத்து மட்டும் முடிவு கட்ட முடியாது. வைக்கோல், பழுப்பு, நீலம் என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நிறவரிசை சாதாரணக் கார்பன் எஃகுக்கு உரியது. டி2இல் குரோமியம் 12 சதவீதம், அதன் மேல் ஆக்சைடு மெதுவாகத்தான் வளரும், நிறம் வர இன்னும் அதிகச் சூடு வேண்டும். அதனால் 200 டிகிரியில் டெம்பர் செய்த டி2இன் முகம் பளிச்சென்று இருந்தாலும் அதற்கு முன்பே திறந்த விரிசல் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இங்கே வலுவான சாட்சி நிறம் இல்லை, வெட்டும்போது கேட்ட அந்தச் சத்தம். முழுப் பிளவும் ஒரே நொடியில் ஓடியிருக்கிறது.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? 1020 டிகிரியில் இந்த எஃகின் அடித்தளம் ஆஸ்டெனைட் என்ற அமைப்பில் இருக்கும், கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும் சக்தி அதற்கு நிறைய. டி2இல் கார்பன் சுமார் 1.5 சதவீதம், அதில் ஒரு பங்குதான் கரையும், மீதி குரோமியம் கார்பைடு கட்டிகளாகவே கிடக்கும். வேகமாகக் குளிர்ந்தால் கரைந்த கார்பன் வெளியேற நேரம் கிடைக்காமல் அப்படியே மாட்டிக்கொள்கிறது, அணுவடுக்கு ஒரு பக்கம் நீண்ட பெட்டியாக இழுபடுகிறது. இதுதான் மார்டென்சைட், கடினம் இதிலிருந்துதான். இந்த மாற்றத்தில் எஃகு பருமனில் விரிகிறது. வெளித்தோல் முதலில் குளிர்ந்து முதலில் மாறி விறைத்துவிடும். அப்புறம் உள்பகுதி மாறி விரியப் பார்க்கும்போது ஏற்கெனவே விறைத்துப்போன தோல் இழுபடும். வயர்கட்கை சொன்ன அந்த இழுவை பிறப்பது இங்கேதான்.

அடுத்தது மாறாமல் தங்கிவிடும் ஆஸ்டெனைட். டி2 சாதாரண வெப்பநிலைக்கு வந்த பிறகும் மாற்றம் முழுதாக முடிவதில்லை, ஒரு பகுதி ஆஸ்டெனைட்டாகவே நின்றுவிடும். ஊறும் சூடு கூடக்கூட அதிகக் கார்பன் கரைந்து, மாற்றம் தொடங்கும் சூடு கீழே இறங்கி, தங்குவது அதிகமாகும். 1020க்குப் பதில் 1070 போனால் ஹார்டனஸ் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள், உண்மையில் குறையும், தானியமும் (எஃகின் நுண்படிகங்கள்) பருக்கும். தங்கிய ஆஸ்டெனைட் 200 டிகிரி டெம்பரிங்குக்கெல்லாம் அசையாது. அப்படியே இருந்து, டை ஓடும்போது அடி வாங்கி, அன்றைக்குப் புது மார்டென்சைட்டாக மாறி, அளவையும் கெடுத்து ஓரத்தையும் சில்லுச் சில்லாக உதிர்க்கும்.

500 முதல் 530 டிகிரி டெம்பரிங் செய்வதே வேறு. முதல் சுற்றில் மார்டென்சைட் நன்றாகத் தளர்கிறது, ஸ்ட்ரெஸ்ஸில் பெரும்பங்கு போய்விடுகிறது. நுண்ணிய கார்பைடுகள் புதிதாகப் பிரிவதால் ஹார்டனஸும் ரொம்ப விழாது. தங்கிய ஆஸ்டெனைட் அந்தச் சூட்டில் கார்பனை இழந்து, ஆறும்போது மார்டென்சைட்டாக மாறும். கவனியுங்கள், இது டெம்பர் ஆகாத புது மார்டென்சைட், அதனால்தான் இரண்டாவது டெம்பரிங் கட்டாயம். முதல் சுற்றுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஜாப் சாதாரண வெப்பநிலைக்கு முழுசாக இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அந்த மாற்றம் நடக்காது, இரண்டாவது சுற்று வெறும் நீட்டிப்புதான். உலை நேரத்தை மிச்சம் பிடிக்க இந்த இடத்தில்தான் குறுக்குவழி எடுப்பார்கள்.

வயர் கட்டுக்குப் போகும் டி2 என்றால் உயர் டெம்பரிங், குறைந்தது இரண்டு முறை. பெரிய பிளாக் என்றால் மூன்றாவதும் செய்யுங்கள்.

டூல்ரூம்தம்பி எழுதியது:

இவ்வளவு விளக்கமாக எனக்கு யாருமே சொன்னதில்லை, ரொம்ப நன்றி. மூலை ரேடியஸ் வரைபடத்தில் இல்லை, வயர் போன அளவுதான், 0.2க்குள் இருக்கும்.

ஒரு சிக்கல். 520இல் டெம்பர் செய்தால் 58லிருந்து 60 வரைதான் வரும் என்று ஹார்டனிங் ஆள் சொல்கிறார். வரைபடம் 60–62 கேட்கிறது. 59 வந்தால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவாரே?

அளவுகோல் எழுதியது:

இன்ஸ்பெக்ஷன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எச்ஆர்சி என்பது ஒரு பள்ளத்தின் ஆழம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 120 டிகிரி வைரக் கூம்பை முதலில் 10 கிலோ விசையில் பதித்து, அப்புறம் மொத்தம் 150 கிலோ வரை ஏற்றி, மறுபடி 10க்கு இறக்கி, எவ்வளவு ஆழம் தங்கியது என்று பார்க்கிறோம். ஒரு புள்ளி என்பது 0.002 மில்லி. 61க்கும் 59க்கும் உள்ள வித்தியாசம் வெறும் நான்கு மைக்ரான் ஆழம். பிளாக்கின் அடியில் ஒரு தூசி, கொஞ்சம் செதில், மேசை மேல் ஒரு பிசிறு இருந்தாலே அந்த நான்கு மைக்ரான் போய்விடும். மேல்தோலில் கார்பன் எரிந்து போயிருந்தால் எண் குறைவாகக் காட்டும், அதனால் கிரைண்ட் செய்த முகத்தில்தான் குத்த வேண்டும். சோதனைக்கட்டியை வைத்து மெஷினை முதலில் சரிபார்க்காமல் எடுத்த எண்ணை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஸ்டான்லி ராக்வெல்லும் ஹியூ ராக்வெல்லும் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது பேரிங் வளையங்களின் ஹீட் ட்ரீட்மெண்ட் ஒரே சீராக இருக்கிறதா என்று சீக்கிரம் பார்க்கத்தான், காப்புரிமை 1919இல் கிடைத்தது. ஒரே எஃகு, ஒரே முறை, அதற்குள் ஒன்று தப்பிப் போனால் காட்டிக்கொடுக்கும் கருவி அது. முறையே தெரியாத பிளாக்கை வைத்து "61 வந்தது, எல்லாம் சரி" என்று சொல்ல அதனால் முடியாது. 200இல் ஒரு முறை டெம்பர் செய்த 60, 520இல் இரண்டு முறை செய்த 60 இரண்டும் மீட்டரில் ஒன்றுதான், வயர் கட்டில் ஏற்றினால்தான் வேறு வேறு என்று தெரியும். வரைபடத்தில் எண்ணை மட்டும் எழுதினால், அந்த எண்ணுக்கு எந்த வழியில் வேண்டுமானாலும் வா என்று நாமே அனுமதி கொடுத்தது போலத்தான்.

வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அந்த 60–62 பழைய வரைபடத்திலிருந்து வந்ததாக இருக்கும், யாரும் யோசித்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

பல்சக்கரம் எழுதியது:

எல்லாரும் 200 டிகிரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள், அதற்காகவும் ஒருவர் பேச வேண்டும். வயர் கட் வேலையே இல்லாத சின்ன பஞ்ச், டர்னிங், கிரைண்டிங்கில் முடியும் ஜாப் என்றால் 200 டிகிரி டெம்பரிங் நல்ல டெம்பரிங்தான், இரண்டு முறை செய்யுங்கள், அவ்வளவுதான். உயர் டெம்பரிங்கில் குரோமியம் கார்பைடாகப் பிரிந்து போவதால் டி2க்கு இருக்கும் கொஞ்சநஞ்சத் துரு எதிர்ப்பும் குறையும். வயர் கட், அல்லது பிவிடி கோட்டிங் (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் மெல்லிய கடினப் பூச்சு) மாதிரி பின்னாடி சூடு ஏறும் வேலை இருந்தால் மட்டும் 520. எதற்கு எது என்று பார்த்துச் செய்ய வேண்டும்.

அளவுகோல் சொன்ன எண் விவகாரம் எங்கள் கியர் வேலையில் இன்னும் மோசம். கார்புரைஸ் செய்த (தோலில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய) பல்லில் 60 எச்ஆர்சி என்று சான்றிதழ் வரும், கேஸ் (அந்தக் கடினத் தோல்) எவ்வளவு ஆழம் என்று அதில் ஒரு வரி இருக்காது. மெல்லிய கேஸில் 150 கிலோவை ஏற்றினால் கூம்பு கேஸைத் தாண்டி மென்மையான உள்பகுதியைச் சேர்த்து அளக்கும். மாதிரித் துண்டை வெட்டி, விக்கர்ஸில் (சின்னப் பள்ளம் விழும் இன்னொரு ஹார்டனஸ் சோதனை, அதன் அளவு எச்வி) தோலிலிருந்து உள்ளே படிப்படியாகக் குத்திப் பார்த்து, 550 எச்வி எந்த ஆழத்தில் விழுகிறது என்று பார்த்தால்தான் உண்மை. ஆழத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்றால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும், கார்பன் உள்ளே பரவும் விதி அப்படி. "இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து வைத்து ஆழமாக்கிவிடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஷாஃப்ட்கேள்வி எழுதியது:

இழையைக் கொஞ்சம் திருப்புவதற்கு மன்னிக்கவும், என் சந்தேகமும் கிட்டத்தட்ட இதேதான். 4140 (குரோமியம், மாலிப்டினம் சேர்ந்த கலப்பு எஃகு) ஷாஃப்ட்டுகள். 25 மில்லி விட்டம் உள்ளவை குவென்ச் முடிந்து 54, 55 காட்டுகின்றன. அதே உலை, அதே ஆயில், 100 மில்லி விட்டம் உள்ளவை 36, 37க்கு மேல் ஏறவே இல்லை. மெட்டீரியல் மாறிவிட்டது என்று சப்ளையரிடம் சண்டை போடலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

சண்டை வேண்டாம், உங்கள் எஃகு நடக்க வேண்டியபடியே நடந்திருக்கிறது. 4140ஐ ஆயிலில் குவென்ச் செய்தால் 25 மில்லியில் மேற்பரப்பு சுமார் 55, 50 மில்லியில் சுமார் 49, 100 மில்லியில் 36 வாக்கில்தான் எதிர்பார்க்க வேண்டும், நடுப்பகுதி அதைவிடக் குறைவு. மார்டென்சைட் எவ்வளவு கடினமாகும் என்பதைக் கார்பன் முடிவு செய்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு மார்டென்சைட் வரும் என்பதைக் குரோமியம், மாலிப்டினம், மாங்கனீஸ், நிக்கல் போன்ற கலப்புகளும் குளிரும் வேகமும் முடிவு செய்கின்றன. இரண்டும் வேறு வேறு குணங்கள். 100 மில்லி ஷாஃப்ட்டின் தோல்கூட உள்ளிருந்து வரும் சூட்டினால் மெதுவாகத்தான் குளிர்கிறது, அதற்குள் எஃகு பெய்னைட் போன்ற மென்மையான அமைப்புகளுக்குப் போய்விடுகிறது.

இதை அளக்க ஜாமினி சோதனை இருக்கிறது, 1930களில் வந்தது. 25 மில்லி விட்டம், 100 மில்லி நீளம் உள்ள கம்பியைச் சூடாக்கித் தொங்கவிட்டு, கீழ் முனையில் மட்டும் தண்ணீர் பீய்ச்சி, குளிர்ந்தபின் பக்கவாட்டில் முனையிலிருந்து மேலே வரிசையாக ஹார்டனஸ் எடுப்பார்கள். ஒரே கம்பியில் வேகமான குவென்ச்சிலிருந்து காற்றில் ஆறுவது வரை எல்லா வேகமும் கிடைத்துவிடும். அடுத்த முறை மெட்டீரியல் வாங்கும்போது அந்த ஹீட்டுக்கு (ஒரே உருக்குத் தொகுதி) உரிய ஜாமினி வரைகோடு கேளுங்கள். 100 மில்லியில் ஆழமாகக் கடினம் வேண்டும் என்றால் நிக்கல் சேர்ந்த 4340க்கு மாறுங்கள். உரசும் இடத்தில் தோல் மட்டும் கடினமாக இருந்தால் போதும் என்றால் 4140ஐயே குவென்ச், டெம்பர் செய்து, அப்புறம் இண்டக்ஷன் (மின்காந்தத்தால் தோலை மட்டும் சூடாக்கிக் கடினமாக்குவது).

உலைக்கூடம் எழுதியது:

ஷாஃப்ட் நண்பருக்கு இன்னொன்று. எஃகு காரணம் என்றாலும் ஆயிலையும் ஒரு கண் பாருங்கள். சூடான ஜாப் இறங்கியதும் முதலில் அதைச் சுற்றி ஆவிப் போர்வை ஒன்று சூழும், அது இருக்கும் வரை குளிர்ச்சி மந்தம்தான். அது உடைந்து கொதிக்க ஆரம்பித்தால்தான் வேகம் பிடிக்கும். ஆயில் அசையாமல் நின்றால் போர்வை ஜாபின் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கும், அங்கே மென்மையான திட்டு விழும். அதனால் ஆயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தொட்டி சூடு 50க்கும் 70க்கும் நடுவே இருக்கட்டும். ரொம்பக் குளிர்ந்த ஆயில் கெட்டியாகி மெதுவாகக் குளிர்விக்கும், குளிர்ந்தால்தான் வேகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். கொஞ்சம் எடுத்துச் சூடான தகட்டில் விட்டால் படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அது விரிசலுக்கும் வழி, தீ விபத்துக்கும் வழி. அடியில் சேர்ந்த தண்ணீர் ஒரேயடியாக ஆவியாகிப் பொங்கினால் எரியும் ஆயில் தொட்டிக்கு வெளியே வந்துவிடும். இதில் மட்டும் யாரும் அலட்சியமாக இருக்காதீர்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். உலையை நிரப்ப வேண்டும் என்று ஐந்து விதமான ஸ்டீலைக் கூட்டத்தோடு கோவிந்தா போட்டு ஒரே சூட்டில் ஓட்டுவது. ஓ1, எச்13 எல்லாம் வேறு டூல் ஸ்டீல்கள். ஓ1க்கு 800 வாக்கில் போதும், டி2க்கு 1020 வேண்டும், இரண்டும் ஒன்றாகப் போக வழியே இல்லை. டி2வும் எச்13ம் ஒன்றாகப் போகலாம் என்று வைத்துக்கொண்டாலும் தடிமன் வித்தியாசம் இருந்தால் சின்னது சூடாகிக் காத்திருக்கும், பெரியது நடுவில் இன்னும் சூடேறியே இருக்காது. ஊறும் நேரத்தை ஜாபின் நடுப்பகுதி சூட்டுக்கு வந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதை அறிய ஜாபோடு சேர்த்து ஒரு தெர்மோகப்பிள் வைக்காமல் வழியில்லை.

டூல்ரூம்தம்பி எழுதியது:

எல்லாருக்கும் ஒரு அப்டேட். வேறு ஒரு ஹார்டனிங் கடையில் பேசி, உங்கள் கேள்விகளை எல்லாம் முதலிலேயே கேட்டேன், உலை சார்ட்டும் (நேரத்தோடு சூட்டின் பதிவு) தருவதாகச் சொன்னார்கள். ஜன்னல் நடுவை முன்பே மில் செய்து எடுத்தோம், சுற்றிலும் நான்கு மில்லி விட்டோம், மூலைக்கு 2 மில்லி ரேடியஸ். ரஃப் மெஷினிங் முடிந்ததும் 650இல் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் ஸ்ட்ரெஸ்ஸைத் தளர்த்துவது) செய்தோம். ப்ரீஹீட் இரண்டு கட்டம், 650, 820. அப்புறம் 1020. வெதுவெதுப்பாக இருக்கும்போதே டெம்பரிங், 520இல் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழுசாக ஆறவிட்டு. ஹார்டனஸ் 59. வயர் கட்டில் முழுசாகச் சுற்றி வந்துவிட்டது, பள்ளம் மூடவும் இல்லை, சத்தமும் இல்லை. வாடிக்கையாளர் 58–60க்குச் சம்மதித்துவிட்டார், அளவுகோல் சொன்ன மாதிரியே அந்த 60–62 எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. வயர் கட் முடிந்ததும் அந்த வெள்ளை அடுக்கை என்ன செய்வது? முகத்தைக் கடைசியாகக் கிரைண்ட் செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வயர்கட்கை எழுதியது:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. முதல் வெட்டுக்கு அப்புறம் குறைந்த சக்தியில் இரண்டு மூன்று ஸ்கிம் கட் (மேலாகச் சீவும் மெல்லிய வெட்டு) போடுங்கள், அடுக்கில் பெரும்பகுதி போய்விடும், மீதியை வெட்டும் ஓரத்தில் கல்லால் மெருகேற்றி எடுங்கள். பிறகு கடைசி டெம்பரிங் சூட்டைவிட இருபது டிகிரி வாக்கில் குறைத்து, அதாவது 500இல், ஒரு முறை போட்டு எடுத்தால் வெட்டும்போது சேர்ந்த ஸ்ட்ரெஸ் தளரும், ஹார்டனஸும் குறையாது. 200இல் டெம்பர் செய்த ஜாபுக்கு இந்த 500 கதையைச் செய்யக் கூடாது, நிலைமையே மாறிவிடும்.

பல்சக்கரம் எழுதியது:

கிரைண்டிங்கில் எரியவிடாதீர்கள். மழுங்கிய வீலும் ஆழமான கட்டும் குறைந்த கூலண்டும் சேர்ந்தால் தோல் மட்டும் மறுபடி சூடாகி மென்மையாகும், இன்னும் சூடானால் அங்கேயே மறுபடி ஹார்டன் ஆகி வலைபோல நுண்விரிசல் விழும். கண்ணுக்குப் பழுப்பு நிறம் தெரிந்தால் எரிந்திருக்கிறது, அதைக் கடைசிப் பாஸில் துடைத்தெடுத்துவிட்டால் நிறம் போகும், கெட்ட தோல் போகாது. சந்தேகம் இருந்தால் நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த அரிப்புக் கரைசல்) போட்டுப் பாருங்கள், எரிந்த திட்டு கருமையாகவும் மறுபடி ஹார்டன் ஆன இடம் வெள்ளையாகவும் தனித்துத் தெரியும். வீலை அடிக்கடி டிரெஸ் செய்யுங்கள் (மழுங்கிய மேற்பரப்பைச் சீவிக் கூராக்குவது).

டூல்ரூம்தம்பி எழுதியது:

சரி, இனிமேல் வரைபடத்தில் நாங்கள் எழுதப் போவது இது: "டி2. ரஃப் மெஷினிங்குக்கு அப்புறம் ஸ்ட்ரெஸ் ரிலீவ். 1010–1030இல் ஹார்டன் செய்து 60 டிகிரிக்கு இறங்கியதும் உடனே டெம்பர். டெம்பரிங் 520, இரண்டு முறை, நடுவே சாதாரண வெப்பநிலை வரை ஆற வேண்டும். 58–60 எச்ஆர்சி. உலை சார்ட் இணைக்க வேண்டும்." ஏதாவது விட்டுப்போனதா?

அளவுகோல் எழுதியது:

"இரண்டு முறை" என்பதற்கு முன்னால் "குறைந்தது" சேருங்கள். டெம்பரிங் நேரத்தையும் எழுதுங்கள், 25 மில்லி தடிமனுக்கு ஒரு மணி, எதுவானாலும் இரண்டு மணிக்குக் குறையாமல். எழுதாவிட்டால் யாராவது அரை மணியில் இரண்டு முறையையும் முடித்துக் கொடுப்பார்கள். ஹார்டனஸ் எங்கே குத்த வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு புள்ளியும் வையுங்கள், வெட்டும் ஓரத்திலிருந்து தள்ளி.